வயிறு கேட்காத சத்துகள்

1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனை நோயாளிகளை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசிச் சோறு, மறு பாதிக்கு இந்தியப் புழுங்கல் அரிசிச் சோறு. மற்றச் சாப்பாடு இரண்டு தரப்புக்கும் ஒன்றுதான். அடுத்த ஆண்டு முழுக்க இது தொடர்ந்தது. வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களில் பலருக்குக் கால் வீங்கியது, மரத்துப்போனது, நடை தள்ளாடியது. 18 பேர் இறந்துபோனார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்தத் தரப்பில் நோய் இருந்த இரண்டு பேரும் மருத்துவமனைக்கு வரும்போதே அதோடு வந்தவர்கள்.

நோயின் பெயர் பெரிபெரி. சோதனையை நடத்தியவர் டாக்டர் வில்லியம் பிளெட்சர். கட்டடத்தில்தான் ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று, பாதியில் இரண்டு தரப்பையும் இடம் மாற்றிக்கூடப் பார்த்தார். இடம் மாறியும் நோய் வெள்ளை அரிசியின் பின்னால்தான் போனது. 1907இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார். இப்படி ஒரு சோதனைக்கு இன்று எந்த நாட்டிலும் அனுமதி கிடைக்காது. அந்த 18 பேரை நினைக்காமல் என்னால் இந்தக் கதையைச் சொல்ல முடிவதில்லை.

அவர்கள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது, வயிறு நிறைந்தது, பசி அடங்கியது. ஆனால் உடம்புக்கு வேண்டிய ஒரே ஒரு பொருள், கண்ணுக்கே தெரியாத அளவில் வேண்டிய ஒரு பொருள், அந்தச் சோற்றில் போதவில்லை. சத்து என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது இதைத்தான். நம் வயிற்றுக்கு ஒரு கேள்விதான் கேட்கத் தெரியும்: போதுமா, போதாதா. இரும்பு போதுமா, வைட்டமின் பி12 போதுமா என்று அது கேட்காது. அதையெல்லாம் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கதையில் மலேசியத் தமிழர்களான நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அந்தக் காலத்து மலாயாவில் பெரிபெரி அதிகம் வாரிக்கொண்டு போனது சீனத் தொழிலாளர்களை. ஈயச் சுரங்கங்களில் அவர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. கம்பத்து மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லை வீட்டிலேயே குத்திச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு நோய் அரிது. தோட்டத்துத் தமிழர்களுக்கும் அரிது. நம்மவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது ரங்கூனிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லியோனர்ட் பிராடன் இந்த வித்தியாசத்தைக் கவனித்து, நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று அடித்துச் சொன்னார். வெள்ளை அரிசியில் ஏதோ பூஞ்சை விஷம் சேர்கிறது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு தவறு. ஆனால் கை நீட்டிக் காட்டிய இடம் சரி.

என் பாட்டி சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பச்சரிசிச் சோற்றை அவர் மதிக்கவே மாட்டார். "அது வயித்துல நிக்காதுடி. புழுங்கச் சோறு சாப்பிட்டாத்தான் மத்தியானம் வரைக்கும் வெட்டு வேலை ஓடும்" என்பார். விடியற்காலையில் கோப்பி குடித்துவிட்டு, முந்தின நாள் சோற்றில் ஊற்றி வைத்த நீச்சத்தண்ணியையும் ஒரு குவளை குடித்துவிட்டுத்தான் லயத்தை விட்டு இறங்குவாராம். வைட்டமின் என்ற சொல்லை அவர் கேட்டிருப்பாரா என்றுகூடச் சந்தேகம். ஆனால் அவர் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த அந்த அரிசி எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

எப்படிக் காப்பாற்றியது? ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உமியை உரித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். அதுதான் தவிடு. ஒரு முனையில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். அது முளை. செடியாக எழும்ப வேண்டிய உயிர் அங்கேதான் இருக்கிறது. பி வைட்டமின்களும் தாதுக்களும் கொழுப்பும் பெரும்பாலும் இந்தத் தவிட்டிலும் முளையிலும்தான். நடுவில் இருக்கும் வெள்ளைப் பகுதி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. ஆலை தவிட்டையும் முளையையும் தேய்த்து எடுத்துவிட்டு, அந்த மாவுச்சத்தைப் பளபளவென்று நம் கையில் கொடுக்கிறது.

புழுங்கல் அரிசியில் நடப்பது வேறு. உமியோடு இருக்கும்போதே நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அதற்கப்புறம்தான் ஆலைக்குக் கொண்டுபோகிறார்கள். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டில் இருக்கும் வைட்டமின் தண்ணீரில் கரைந்து உள்ளே இறங்கிவிடுகிறது. மாவுச்சத்தும் வெந்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். நோய் தடுப்பதற்காக யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அவித்த நெல் ஆலையில் அவ்வளவாக உடையாது, பூச்சியும் எளிதில் பிடிக்காது. அதனால் வந்த பழக்கம். உயிர் காத்தது அதோடு சேர்ந்து வந்த நன்மை.

1900இல் கோலாலம்பூரில் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் அம்ப்ரோஸ் ஸ்டான்டனும் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஜெலுபு வட்டாரத்துக் காட்டில் வேலை செய்த 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, அதே இரண்டு அரிசிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசித் தரப்புக்கு நோய் வந்ததும் அரிசியை மாற்றினார்கள். நாளடைவில் மற்றத் தரப்புக்கு நோய் வர ஆரம்பித்தது. பிறகு கோழிகளை வைத்து, தீட்டியெடுத்த தவிட்டில்தான் மருந்து இருக்கிறது என்று காட்டினார்கள். அப்படியானால் வெள்ளை அரிசியில் விஷம் எதுவும் சேரவில்லை. தேவையான ஒன்று போய்விட்டது. ஜாவாவில் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் 1890களிலேயே கோழிகளிடம் இதே நோயைப் பார்த்திருந்தார். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர்க்காரர்கள் செய்த வேலை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஜாலான் பகாங் வழியாகப் போகும்போதெல்லாம் அந்த ஆய்வுக் கழகத்துக் கட்டடத்தைப் பார்த்து என் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை. உலகம் வைட்டமின் என்ற ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டதில் இந்த மண்ணுக்கும், அந்த நோயாளிகளுக்கும், அந்தத் தொழிலாளர்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்தத் தவிட்டு மருந்துதான் பின்னால் தையமின், அதாவது வைட்டமின் பி1 என்று பெயர் பெற்றது. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அது என்ன செய்கிறது என்றால், நாம் சாப்பிட்ட சோறு குளுக்கோசாகி, அந்தக் குளுக்கோஸ் எரிந்து சக்தியாகும் வழியில் ஒரு கட்டத்தைத் தாண்டித் தருகிறது. அது இல்லையென்றால் சோறு இருக்கும், சக்தி இருக்காது. ஓயாமல் சக்தி கேட்கிற உறுப்புகள் நரம்பும் இதயமும். அதனால்தான் கால் மரத்து, நடை தளர்ந்து, கடைசியில் இதயம் நின்றது. இன்னும் கொடுமை என்னவென்றால், மாவுச்சத்து அதிகமாகச் சாப்பிடச் சாப்பிட தையமின் தேவையும் கூடும். உடம்பில் அதற்குப் பெரிய சேமிப்பும் கிடையாது, சில வாரங்களில் தீர்ந்துவிடும்.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். கிழங்கு வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு, தையமினும் குறைவு. சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போன நம் ஆட்களின் நிலை அதைவிட மோசம். மட்டமான வெள்ளை அரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு காட்டில் பாறை உடைத்தார்கள். காலராவும் மலேரியாவும் புண்ணும் போக, பெரிபெரியும் அங்கே ஆளைத் தின்றது. திரும்பி வராதவர்கள் பெயர் இன்றும் பல குடும்பங்களில் சொல்லப்படுகிறது.

சரி, மற்றச் சத்துகளுக்கு வருவோம். சக்தி தருபவை மூன்று: மாவுச்சத்து, கொழுப்பு, புரதம். மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. மூளைக்குக் குளுக்கோஸ்தான் முதன்மையான எரிபொருள். நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதனால் சோறே கெட்டது என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எவ்வளவு சோறு, எந்தச் சோறு, அதோடு என்ன என்பதுதான் பேச வேண்டிய விஷயம். மாவுச்சத்து பற்றி நம் வீடுகளில் யாருக்கும் குறைவு என்ற கவலை இல்லை, அதனால் இதோடு விடுகிறேன்.

புரதத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தசை, தோல், முடி மட்டுமல்ல, செரிக்கும் நொதிகள், நோயோடு போராடும் எதிர்ப்பொருள்கள், இன்சுலின் எல்லாமே புரதம்தான். புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் 20. அதில் 9 வகையை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமிலம் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், ஆனால் மெத்தியோனின் குறைவு. அது அரிசியில் இருக்கிறது. இட்லியில் உளுந்தும் அரிசியும் சேர்வதும், சோற்றில் பருப்பு ஊற்றுவதும் இப்படி ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகிற ஏற்பாடு. நம் சமையலை நினைத்து நான் பெருமைப்படும் இடங்களில் இது ஒன்று.

ஆனால் அந்தப் பருப்பு இன்று எப்படி இருக்கிறது? மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் கறியைக் கரண்டியால் அள்ளிப் பாருங்கள். மஞ்சள் தண்ணீரில் அங்கங்கே பருப்பு மிதக்கும். அதில் சில கிராம் புரதம் இருந்தால் அதிகம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளைக்கு 50 கிராம் அளவில் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கும் தெம்பேயை 100 கிராம் வாங்கினால் அதில் 20 கிராம் அளவுக்குப் புரதம். சோயாவைப் புளிக்க வைத்துச் செய்வதால் செரிக்கவும் எளிது. சைவ வீடுகளில்கூட நிறையப் பேர் இதைத் தொடுவதில்லை, மலாய்க்காரர் சாப்பாடு என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். மிளகாய், மஞ்சள், கொஞ்சம் கறிவேப்பிலை போட்டுப் பொரித்துப் பாருங்கள், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும்.

குழந்தைகள் என்றதும் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் ஞாபகம் வருகிறார். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில் வேலை செய்தபோது, தாய்ப்பால் மறந்து சோளக் கஞ்சி மட்டும் குடித்த பிள்ளைகளுக்கு வரும் குவாஷியோர்கர் நோயை 1930களில் மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர். வயிறு உப்பி, கால் வீங்கி, முடி நிறம் மாறி, பார்த்தால் கொழுகொழுவென்று இருப்பதுபோல் தெரியும். உள்ளே சத்துக் குறைவால் சாகிற பிள்ளை. பிறகு அவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். இங்கே தாய்மார்கள் கைக்குழந்தைக்குச் சர்க்கரை போட்ட டின் பாலைக் கரைத்துக் கொடுப்பதைப் பார்த்து, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் எழுந்து நின்று, இதை விளம்பரப்படுத்துவது கொலைக்குச் சமம் என்கிற அளவுக்குப் பேசினார். அந்த நாளில் பெரிய மனிதர்கள் நிறைந்த சபையில் ஒரு பெண் மருத்துவர் அப்படிப் பேசியது சின்ன விஷயம் இல்லை.

டின் பாலில் பாதிக்கும் மேல் சர்க்கரை. இன்று கடைகளில் விற்கும் பல டின்களில் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனைக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. கிரீமர் என்று போட்டிருக்கும், படித்துப் பாருங்கள். அதை நாம் இப்போது குழந்தைக்குக் கொடுப்பதில்லை. தே தாரேக்கில் ஊற்றி நாமே குடிக்கிறோம். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று போகிறவர்கள் எனக்குத் தெரிந்தே எத்தனையோ பேர்.

செம்பனை என்றதும் இன்னொன்று. தோட்டத்தில் செம்பனைக் குலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆரஞ்சு நிறம் தெரியும். அந்த நிறம் கரோட்டின். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண், முற்றினால் பார்வையே போய்விடும். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயில் கரோட்டின் கொட்டிக் கிடக்கிறது. நாம் வாங்கும் எண்ணெயில் அது இல்லை. சுத்திகரிக்கும்போது நிறத்தோடு சேர்ந்து போய்விடுகிறது. அரிசிக்கு ஆலையில் நடந்ததுதான் இங்கேயும். நமக்குக் கரோட்டின் வேண்டுமென்றால் முருங்கைக்கீரை, கங்கோங், பரங்கிக்காய், கேரட் என்று போக வேண்டும். அதோடு கொஞ்சம் எண்ணெயோ தேங்காயோ சேர வேண்டும், ஏனென்றால் ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில் கரைகிறவை. கீரையில் தேங்காய்ப்பூ தூவுவது ருசிக்கு மட்டும் இல்லை.

இனி இரும்பு. 2019இல் நாடு முழுக்க எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 29.9 விழுக்காட்டினருக்கு இரத்தக் குறைவு என்று வந்தது. பத்துப் பெண்களில் மூன்று பேர். சோர்வு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல், முடி கொட்டுதல் என்று வரும். வேலை அதிகம், வயசாகிறது என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. மாதாமாதம் இரத்தம் போகிற பெண்ணுக்கு ஆணைவிட இரும்பு அதிகம் வேண்டும். நம் வீடுகளில் மீன் துண்டில் பெரியது யாருக்குப் போகிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

செந்தூலில் இருக்கும் என் அண்ணிக்கு ஹீமோகுளோபின் 9க்கு வந்துவிட்டது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே குறைவு. மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் பெரிதாக ஏறவில்லை. நானும் கூடப் போயிருந்தேன். கிளினிக்கில் ஒரு தமிழ்த் தாதி, சின்னப் பெண்தான், பொறுமையாகக் கேட்டார்.

"அக்கா, மாத்திரையை மறக்காம போடுறீங்களா?"

"நேரம் தவறினதே இல்லம்மா."

"எதோட போடுறீங்க?"

"தேத்தண்ணியோடதான். காலையில வேற என்ன குடிப்பேன்?"

"அந்தத் தேத்தண்ணியைத்தான்க்கா கொஞ்சம் தள்ளி வைக்கணும். மாத்திரைக்குப் பச்சத் தண்ணி குடிங்க, இல்லன்னா எலுமிச்சம் ஜூஸ். தேத்தண்ணியை ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க."

அடுத்த இரத்தப் பரிசோதனையில் எண் ஏறியிருந்தது. அந்தத் தாதிக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். இந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்காவிட்டால் மாத்திரையின் அளவைத்தான் கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள்.

தேயிலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியம் இவற்றில் இருக்கும் இரும்பு எப்படியும் கொஞ்சமாகத்தான் உடம்பில் ஏறும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்தக் கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் போய்விடலாம். வைட்டமின் சி அதற்கு நேர் எதிர். ஒரு லீமாவ் கஸ்தூரியைப் பருப்பில் பிழிந்தால், சாப்பாட்டுக்குப் பின் நாலு துண்டு கொய்யா சாப்பிட்டால், இரும்பு கூடுதலாக ஏறும். கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி பல மடங்கு. ஆட்டு ஈரல், மீன், நெத்திலி, இறைச்சியில் இருக்கும் இரும்பு வேறு வகை, அது சுலபமாக ஏறிவிடும். ஆக, தட்டில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதோடு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாப்பிட்டவுடன் ஒரு தே தாரேக் என்ற பழக்கத்தை மாற்றுவது கஷ்டம்தான். இரத்தம் குறைவாக இருக்கிற பெண்கள் அதையாவது மாற்றிப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இரத்தக் குறைவு எல்லாமே இரும்புக் குறைவு இல்லை. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் இந்த நாட்டில் கணிசமாக இருக்கிறது, அது உள்ளவர்களுக்கு இரும்பு மாத்திரை தீங்கு செய்யலாம். பரிசோதிக்காமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள்.

மற்றத் தாதுக்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பின் கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சம் இருக்கும் ஒரு விழுக்காடு இல்லாமல் தசை சுருங்காது, இரத்தம் உறையாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முள்ளோடு தின்கிற நெத்திலியும் தவுவும் இருக்கின்றன. அயோடின் தைராய்டுக்கு, 2020 முதல் நாடு முழுக்கச் சமையல் உப்பில் அதைச் சேர்க்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஆண்டு முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் இருந்தும், காரிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து மால் என்று நிழலிலேயே வாழ்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறைகிறது. தண்ணீரைச் சத்து என்று யாரும் எண்ணுவதில்லை. உடம்பு எடையில் பாதிக்கு மேல் அதுதான்.

எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டே சாப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, தேவையும் இல்லை. சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று ஒரு தட்டைக் காட்டுகிறது. கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு வகை, மீதி அரைத் தட்டு காயும் பழமும். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுலபமான வழி இல்லை. வாழையிலைச் சாப்பாட்டையும் இதே கண்ணோடு பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் இலையில் மூன்று வகைக் காய் வைக்கிறார்கள், பருப்பு, ரசம், தயிர் எல்லாம் வருகிறது. எதுவும் குறைவில்லை. ஆனால் நடுவில் மலைபோல் சோறு, அது தீர்ந்ததும் இன்னொரு மலை. காய் ஓரத்தில் ஒரு கரண்டி. அண்ணனிடம் சோறு வேண்டாம், இன்னும் கொஞ்சம் காய் வையுங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் வைப்பார், நான் கேட்டுத்தான் வாங்குகிறேன்.

இந்த அளவு மாற்றம் நமக்கு அவசரம். அதே 2019 கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால். அன்றைக்கு மலாயாவில் அரிசியைச் சரியாகப் பார்த்து வாங்கிய சமூகம் நாம். இன்று பல வீடுகளில் புழுங்கல் அரிசி போய், வாசனை அரிசி வந்துவிட்டது. இன்றைக்குப் பெரிபெரி அரிது, ஏனென்றால் மீன், முட்டை, கறி, பயறு என்று தையமின் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. ஆனாலும் புழுங்கல் அரிசி பொதுவாகச் சர்க்கரையைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும் என்பது இனிப்பு நீர்க்காரர்களுக்கு ஒரு நன்மை. அரிசியை நாலு தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், இரண்டு போதும். வடித்துச் சமைக்கிறவர்கள் கஞ்சியைக் கொட்டாதீர்கள். கரைந்து போன பி வைட்டமின் அதில்தான் இருக்கிறது. உப்பு போட்டுக் குடிக்கலாம், ரசத்தில் சேர்க்கலாம்.

இனிப்பு நீர்க்காரர்கள் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும், இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். வைட்டமின் பி12 இயற்கையில் நம்பி எடுக்கும் அளவுக்கு இருப்பது மீன், இறைச்சி, முட்டை, பாலில்தான். கீரையிலும் பருப்பிலும் கிடையாது. ஈரலில் பல ஆண்டுக்கான சேமிப்பு இருப்பதால் குறைவது வெளியே தெரிய நாளாகும். சுத்த சைவமாக இருக்கும் பெரியவர்களுக்கு இது குறையலாம். இனிப்பு நீருக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினைப் பல ஆண்டு எடுத்தாலும் பி12 உடம்பில் ஏறுவது குறையலாம். நம் வீடுகளில் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்: எழுபது வயது, சைவம், பத்து வருடமாக மெட்ஃபார்மின். கால் எரிகிறது, மரத்துப்போகிறது, ஞாபகம் குறைகிறது என்று அம்மாவோ மாமாவோ சொன்னால், சர்க்கரையால்தான், வயசானதால்தான் என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரையாலும் இருக்கலாம். பி12 குறைவாலும் இருக்கலாம், இரண்டாலும் இருக்கலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ கொடுப்பார்கள், செலவும் பெரிதில்லை. நாள் தள்ளிப்போனால் நரம்புக் கேடு முழுதாகக் குணமாகாமல் போய்விடலாம். மெட்ஃபார்மின் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், எத்தனை வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார், மீன் முட்டை சாப்பிடுவாரா இல்லையா என்பதைச் சொல்லி, பி12 பார்த்தீர்களா என்று கேளுங்கள்.